பெயரிடலும் பிழைநோக்கலும்: கருனியுட் புகும் ஒரு செலுத்தியின் வரலாறு

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிய காரியம் எனப் பலர் எண்ணுவர். பிள்ளைக்குப் பெயர் தேடும் பெற்றோரும் நூலுக்குப் பெயர் தேடும் ஆசிரியரும் அவ்வாறு எண்ணார். இட்டவர் மறைந்த பின்னரும் இட்ட பெயர் வழங்கும். அதனை மாற்ற விரும்பின் வழங்குவோர் அனைவரையும் மாற்றவேண்டும். அவ்வாறே ஒருவர் எழுதியதைப் பிறர் படித்துக் குற்றங்கண்டு திருத்துதலும் எளிய காரியமன்று. எழுதியவருக்கு மனவருத்தம், திருத்துபவருக்குக் காலச்செலவு. ஆயினும் இவ்விரண்டும் செவ்வனே நிகழாவிடத்து எந்தக் கல்வியும் எந்தக் கைத்தொழிலும் நிலைபெறுவதில்லை.

இவ்விரு தொழில்களும் இன்று மிகுந்த கண்டிப்புடன் நடைபெறும் ஓர் அவை உண்டு. அது புலவர் அவையன்று. கணினிகளை இயக்கும் லினக்ஸ் என்னும் மென்பொருளை ஆக்குவோர் அவை. புதிய வலையமைப்பு அட்டை ஒன்றுக்குரிய செலுத்தி அவ்வவையில் எவ்வாறு பெயர் பெறுகின்றது, எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். விஞ்ஞான ஆசிரியர் எழுதற்குரிய பொருளைத் தமிழாசிரியன் எடுத்துக்கொண்டது ஏனென வினவுவார்க்கு, பெயரும் பிழைதிருத்தமும் எம் தொழிலுக்கு உரியவை என்பதே எமது விடை.

கருனியும் செலுத்தியும்

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நிற்பது பணிசெயல் முறைமை. அதன் உள்ளீடாய் அமைந்த பகுதியை ஆங்கிலத்திற் கேணல் என்பர். வித்தின் உள்ளேயிருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். தமிழிற் கருனி என்னும் பெயர் வழங்குகின்றது. நினைவகத்தைப் பங்கிடுதல், பல வேலைகளுக்கு முறைவைத்துக் காலம் ஒதுக்குதல், கருவிகளை ஆளுதல் முதலியன அதன் கடமைகள். லினக்ஸ் கருனியைப் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லீனஸ் ரோர்வால்ட்ஸ் தமது 21ஆம் வயதில், 1991ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தார். அன்ரொயிட் கைத்தொலைபேசிகளில் இயங்குவது இக்கருனியே. உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியல் 2017 நவெம்பரில் வெளியானபொழுது, அவற்றுள் ஒன்றேனும் எஞ்சாது அத்தனையிலும் இயங்கியதும் இதுவே.

கருனி எல்லாக் கருவிகளின் இயல்பையும் தானாக அறியாது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் இயல்பறிந்த துணை ஒன்று வேண்டும். கடலைப் பொதுவாக அறிந்தவர் பலர். குறித்த ஒரு வள்ளத்தின் சாய்வும் சரிவும் அறிந்தவன் அதனைச் செலுத்துபவனே. அவ்வாறு கருவியின் இயல்பறிந்து கருனியின் ஆணையை நிறைவேற்றும் மென்பொருட் பகுதி செலுத்தி எனப்படும். லினக்ஸ் கருனியின் மூல எழுத்திற் பெரும்பகுதி செலுத்திகளாலாயது.

வலையமைப்பு அட்டைக்குரிய செலுத்தி செய்யும் வேலையைச் சிறிது நோக்குவோம். அது நினைவகத்தில் வட்ட வரிசையாகச் சில இடங்களை ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை அட்டைக்கு அறிவிக்கும். கம்பி வழியே வந்த தரவுப் பொதியை அட்டை அவ்விடங்களிலே தானே எழுதிவிட்டு, 'பொதி வந்தது' என இடைமறிப்புச் சைகை கொடுக்கும். செலுத்தி அப்பொதியை எடுத்து மேலே அனுப்பும். கேட்பதற்கு இஃது எளிது. ஆனால், விநாடிக்கு 10 கிகாபிற் வேகமுள்ள இணைப்பிலே மிகச் சிறிய பொதிகள் நிரம்பி வருமாயின், விநாடியொன்றில் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் பொதிகள் வந்து சேரும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் அவகாசம் 67 நனோ விநாடி மாத்திரமே. வருவோர் ஒவ்வொருவரும் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் கதவு திறப்பதையன்றி வேறொன்றும் செய்ய இயலாது. ஆதலின் முதற் சைகை வந்தவுடன் மேலும் சைகை வாராது நிறுத்திவைத்துச் செலுத்தியே சென்று, ஒரு தடவைக்கு வழமையாக 64 பொதிகள் வரை ஒருங்கே அள்ளிவரும் முறை கையாளப்படுகின்றது. இம்முறையிற் சிறு தவறு நேரினும் பொதிகள் தவறும். அன்றேல் கணினி முழுதும் உறைந்து நிற்கும். கருனியுள் இயங்கும் செலுத்திக்குக் கருனியின் அதிகாரம் முழுதும் உண்டு. அதனைத் தடுத்து நிறுத்த மேலொரு காவலன் இல்லை. இதனை மனத்திற் கொண்டாற்றான், மேற்கூறப்படும் கண்டிப்புகள் ஏனென்பது விளங்கும்.

பெயர் படும் பாடு

லினக்ஸ் என்னும் பெயரே ஒரு வரலாறுடையது. தமது பெயரைத் தமது ஆக்கத்துக்கு இடுதல் தற்பெருமையாகும் எனக் கருதிய ரோர்வால்ட்ஸ், 'பிறீக்ஸ்' என்னும் பெயரை விரும்பினார். பிறர் பெற்றுக்கொள்ளத்தக்கவாறு அதனைச் சேவையகத்தில் வைத்துதவிய ஆரி லெம்கே என்பவர் அப்பெயரை விரும்பாது, வைத்த இடத்துக்கு 'லினக்ஸ்' எனப் பெயரிட்டார். ஆக்கியவர் விரும்பிய பெயர் மறைந்தது. வைத்தவர் இட்ட பெயர் நின்றது.

செலுத்தியின் பெயர் ஓரிடத்தில் மட்டும் எழுதப்படுவதன்று. கோப்பின் பெயராயும், அது வைக்கப்படும் அடைவின் பெயராயும், கருனியைக் கட்டுவோர் தெரிவுசெய்யும் பட்டியலின் உறுப்பாயும், இயங்குங் காலத்து முறைமை நிருவாகி காணும் கூற்றின் பெயராயும் அது வரும். இரு கூறுகள் ஒரே பெயர் தாங்குதல் இயலாது. அன்றியும், செலுத்தியிலுள்ள செயற்கூறுகள் தம் பெயருக்கு முன்னே செலுத்தியின் பெயரைத் தலைப்பெயராகக் கொள்ளவேண்டுமென வலையமைப்புப் பகுதியின் மீளாய்வாளர் வற்புறுத்துவர். அதற்குத் தக்க காரணம் உண்டு. கருனி இடறி வீழும்பொழுது, இறுதியாக நடைபெற்ற செயற்கூறுகளின் பெயர்களை வரிசையாகக் காட்டிவிட்டே வீழும். அவ்வரிசையில் 'தொடங்கு', 'நிறுத்து' என்னும் வெறும் பெயர்கள் காணப்படின் யாருடைய தொடக்கம், யாருடைய நிறுத்தம் என எவரும் அறியார். ஊரும் தந்தை பெயரும் இல்லாத கடிதம்போல அது கிடக்கும்.

நம் இலக்கணகாரர் பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்தனர். இப்பகுப்புச் செலுத்திகளுக்கும் பொருந்தும். டிஜிற்றல் கம்பனியாரின் 21040 வகைச் சில்லுகளுக்குரிய செலுத்தி 'ரியூலிப்' எனப்பட்டது. பூவின் பெயருக்கும் பொதி அனுப்புதலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனவே இஃது இடுகுறி. றியல்ரெக் கம்பனியாரின் 8169 என்னும் சில்லுக்கு எழுந்த செலுத்தி 'ஆர்8169' எனப் பெயர் பெற்றது, இது காரணப்பெயர். ஆனால், அதே செலுத்தி பின்னர் 8168 முதலிய சில்லுகளையும், 2019ஆம் ஆண்டு முதல் விநாடிக்கு 2.5 கிகாபிற் வேகமுள்ள 8125 என்னும் சில்லையும் இயக்கும் பொறுப்பை ஏற்றது. காரணம் மெலிந்தது, பெயர் நின்றது. காரணம் கருதியவழிக் காரணப்பெயராயும் கருதாதவழி இடுகுறியாயும் நிற்பதனைக் காரணவிடுகுறி என உரைகாரர் கூறுவதை மாணவர் அறிவர். ஆர்8169க்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் தேடற்பாலதன்று.

காரணம் கெட்ட பெயரை மாற்றியதும் உண்டு. இன்ரெல் கம்பனியார் 40 கிகாபிற் அட்டைகளுக்கு 'ஐ40இ' என்னும் செலுத்தியையும், அவ்வட்டையை மெய்நிகர்க் கணினிகள் பல பங்கிட்டுக்கொள்ளும்பொழுது பயன்படுவதற்கு 'ஐ40இவிஎவ்' என்னும் துணைச் செலுத்தியையும் அளித்தனர். காலஞ்செல்லப் புதிய 100 கிகாபிற் அட்டைகள் தோன்றின; துணைச் செலுத்தியோ அவற்றுக்கும் பொதுவாயிற்று. '40' என்னும் எண் பெயரிலிருந்து பொய்யுரைக்கத் தொடங்கியது. எனவே 2018ஆம் ஆண்டில் அது 'ஐஏவிஎவ்' எனப் பெயர் மாற்றப்பட்டது. பழைய பெயரை நம்பி எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்புகள் உலகெங்கும் கிடந்தமையால், பழைய பெயர் கூறி அழைப்பினும் புதியதே வருமாறு ஒரு மாற்றுப்பெயரும் உள்ளே வைக்கப்பட்டது. மாற்றம் செய்தவர்கள் பயனாளரை மறவாமையே இதன் சிறப்பு.

கம்பனிகளின் பெயரும் நிலையானதன்று. மெலனொக்ஸ் என்னும் கம்பனியை என்விடியா 2020ஆம் ஆண்டில் வாங்கியது. கருனியிலோ மெலனொக்ஸ் என்னும் அடைவும், அப்பெயரின் சாயலுள்ள செலுத்திகளும் அவ்வாறே நிலைத்தன. வேறொரு பெயர் வரலாற்றையும் கூறிவிடுகின்றேன். என்விடியாவின் 'என்போர்ஸ்' பலகைகளிலிருந்த வலையமைப்புப் பகுதிக்குரிய விவரங்கள் வெளியிடப்படாத காலத்தில், ஆர்வலர் சிலர் அதன் நடத்தையை வெளியே நின்று ஆராய்ந்து தாமாகவே ஒரு செலுத்தியை எழுதினர். அதற்கு 'போர்ஸ்டெத்' எனப் பெயரிட்டனர். பலகையின் பெயரும், வலையமைப்பின் பெயரும், 'வலிந்து செய்தது' என்னும் குறிப்பும் ஒரு சொல்லில் அடங்கிய சிலேடை அது. பின்னாளில் அக்கம்பனியாரே அச்செலுத்தியைத் திருத்துதற்கு உதவினர்.

மீளாய்வு என்னும் அரங்கேற்றம்

முன்னாளில் நூலியற்றியவர் அதனை அவையில் அரங்கேற்றினர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமறக் காட்டப்பட்டதென அதன் சிறப்புப்பாயிரம் கூறும். செலுத்தி எழுதியவரும் தம் எழுத்தை எவரும் படிக்கத்தக்கவாறு பகிரங்கமாக வைத்தல் வேண்டும். அதனை ஒரே மூட்டையாகக் கொட்டலாகாது. படிப்பவர் ஒவ்வொரு படியாக விளங்கிக்கொள்ளும் வண்ணம் சிறு சிறு 'ஒட்டுகள்' ஆகப் பிரித்து அடுக்கவேண்டும். வலையமைப்புப் பகுதியில் ஒரு தொடுப்பில் 15 ஒட்டுகளுக்கு மேற்படலாகாது என்பது விதி. குற்றம் கூறப்பட்டவுடன் திருத்தி மறுபடி அனுப்பிவிடவும் கூடாது. ஏனையோரும் படித்துக் கருத்துரைக்க 24 மணி நேரமாவது பொறுத்திருத்தல் வேண்டும். புதியதோர் கருனிப் பதிப்புக்கு வேண்டியவை சேர்க்கப்படும் இரு வாரங்களில் அப்பகுதியில் புதிய ஆக்கங்கள் ஏற்கப்படுவதில்லை. பதிப்புகள் ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருவதால், தவறவிட்டவர் அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பர்.

ஒவ்வோர் ஒட்டின் கீழும், 'இதனை அளிக்கும் உரிமை எனக்கு உண்டு' என உறுதிகூறி எழுதியவர் தம் பெயரை இடவேண்டும். 2003ஆம் ஆண்டில் எஸ்.சி.ஓ. என்னும் கம்பனி லினக்ஸில் தன் உடைமை கலந்துள்ளதென வழக்காடியதன் பின், 2004ஆம் ஆண்டில் இவ்வழக்கம் ஏற்பட்டது. படித்து ஏற்றவரும், கருவியில் இட்டுச் சோதித்தவரும் தத்தம் பெயரை அதன்கீழ்ப் பொறிப்பர். ஆக்கியோன் பெயரும் கேட்டோர் பெயரும் பாயிரத்தில் நிற்றல் போன்றதே இது. பின்னொருநாட் பிழை வெளிப்படின், அதனை யார் எழுதினார், யார் ஏற்றார் என்பது மறையாது.

மீளாய்வாளர் நோக்குவன யாவை? அவற்றுட் சிலவற்றைக் காட்டுகின்றேன்.

முதலாவது, தோல்வியின் வழி. செலுத்தி தொடங்கும்பொழுது ஐந்து பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறவேண்டியிருக்கும் எனக் கொள்வோம். நான்காவது கிடையாதுபோயின் மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்னும் முறையில் முன்பெற்றவற்றைத் திருப்பிக் கொடுத்து மீளவேண்டும். எழுதுவோர் வெற்றியின் வழியைப் பலமுறை நடந்து பார்ப்பர். தோல்வியின் வழியை ஒருமுறையும் நடந்திரார். மீளாய்வாளர் முதலில் நடப்பது அவ்வழியிலேயே.

இரண்டாவது, எண்ணின் வரிசை. பெரிய எண்ணை இரு பைற்றுகளில் எழுதும்பொழுது உயர்ந்த பகுதியை முன்வைக்கும் கணினியும் உண்டு; தாழ்ந்த பகுதியை முன்வைக்கும் கணினியும் உண்டு. 4660 என்னும் எண் 18, 52 என்னும் இரு பகுதிகளாகும். அவற்றை முறைமாற்றிப் படித்தால் 13330 வரும். எழுதியவரின் மேசையிலுள்ள கணினியில் இப்பிழை தோன்றாது. வேறு வகைக் கணினியிலே அட்டையைப் பொருத்தும் ஒருவருக்கே தோன்றும். ஆதலின் எந்த எண் எவ்வரிசையில் உள்ளதென்பதை எழுத்திலேயே குறிக்கவேண்டுமென மீளாய்வாளர் கேட்பர்.

மூன்றாவது, காலத்தின் இடர். அட்டையை நிறுத்தும் அதே கணத்தில் ஒரு பொதி வந்து சேருமாயின் என்னாகும்? திருப்பிக் கொடுத்த நினைவகத்தில் அட்டை எழுதிக்கொண்டிருப்பின் என்னாகும்? இத்தகைய பிழை ஆயிரம் முறைக்கு ஒருமுறையே தோன்றும். சோதனையில் அகப்படாது, படிப்பவரின் கண்ணுக்கே அகப்படும்.

நான்காவது, தனிவழக்கு. ஒரு செலுத்தி தனக்கென விசேட திருகுகளை வைத்துக்கொள்ள விரும்பலாம். மீளாய்வாளர் அதனைப் பெரும்பாலும் மறுப்பர். எல்லாச் செலுத்திகளும் ஒரே பொதுவழியில் ஆணை பெறவேண்டும். இன்றேல் அட்டைக்கு ஒரு மொழியாகப் பயனாளர் பல மொழி கற்கவேண்டி வரும்.

2008ஆம் ஆண்டின் படிப்பினை

இத்துணைக் கண்டிப்பு வேண்டுமோ என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறல் தகும். 2008ஆம் ஆண்டு செப்ரெம்பரில், 2.6.27 என்னும் கருனியின் சோதனைப் பதிப்புகளைப் பயன்படுத்தியோர் சிலரின் இன்ரெல் வலையமைப்பு அட்டைகள் திடீரெனச் செயலிழந்தன. அவற்றை இயக்கியது 'இ1000இ' என்னும் செலுத்தி. மென்பொருட் பிழையாயின் கணினியை நிறுத்தித் தொடங்கத் தீரும். இதுவோ அட்டையினுள்ளே நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்த விவரங்களையே அழித்துவிட்டது.

பழி செலுத்தியின்மேல் விழுந்தது. ஆராய்ந்தபொழுது உண்மை வேறாயிருந்தது. கருனியின் செயற்கூறுகளைப் பின்தொடர்ந்து அளக்கும் புதிய கருவி ஒன்று அப்பொழுது சேர்க்கப்பட்டிருந்தது. செயற்கூறுகள் இருந்த முகவரிகளை அது குறித்துவைத்துப் பின்னர் அங்கே எழுதும். தொடக்கத்தில் மட்டும் வேண்டியிருந்து பின் விடுவிக்கப்பட்ட கூறுகளின் முகவரிகளையும் அது மறவாது வைத்திருந்தது. விடுவிக்கப்பட்ட அதே முகவரிகள் பின்னர் அட்டையின் நிலைநினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டன. குடிமாறிய வீட்டுக்குப் பழைய கணக்கோடு வந்தவன் புதுக்குடியின் பெட்டகத்திற் கைவைத்தது போலாயிற்று. ஒக்ரோபரில் இவ்வுண்மை வெளிப்பட்டது. அட்டையின் நிலைநினைவகம் எழுதப்படாதவாறு செலுத்தியிற் காவல் இடப்பட்டது. பின்தொடர் கருவியின் அப்பகுதியும் 2.6.27.1 பதிப்பில் நிறுத்திவைக்கப்பட்டது.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? ஒரு செலுத்தியைத் தனியே படித்து நன்றெனக் கூறுதல் போதாது. அது வாழப்போகும் வீட்டில் வேறு யார் யார் வாழ்கின்றனர் என்பதையும் நோக்கவேண்டும். பிழையின் சுவடு காணப்பட்ட இடமே பிழை பிறந்த இடமெனத் துணிதலும் தவறு.

யார் பொருட்டு ஏற்பது?

எழுத்திற் குற்றமில்லை எனின் ஏற்றுவிடலாமா? 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் இவ்வினா எழுந்தது. மெற்றா கம்பனியார் தமது தரவு நிலையங்களில் தாமே பயன்படுத்தும் வலையமைப்பு அட்டை ஒன்றுக்கு 'எவ்பிநிக்' என்னும் செலுத்தியை 15 ஒட்டுகளாக முன்வைத்தனர். பேஸ்புக் என்னும் பழம்பெயரின் சாயல் செலுத்தியின் பெயரிலும், 2021ஆம் ஆண்டில் ஏற்ற புதுப்பெயர் அது வைக்கப்பட்ட அடைவிலும் விளங்கின. சந்தையில் எவரும் வாங்கமுடியாத அட்டை அது.

எதிர்த்தோர் கூறியது வலிமையுடையது. கருனியின் உட்புற அமைப்பு மாறிக்கொண்டேயிருக்கும். மாற்றுபவர் எல்லாச் செலுத்திகளையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும். வேறெவரிடமும் இல்லாத அட்டைக்காக எல்லோரும் அச்சுமையைத் தாங்குவது நீதியோ? சோதிக்க அட்டை இல்லாதவர் எவ்வாறு சோதிப்பர்? ஆதரித்தோர் கூறியதும் புறக்கணிக்கத்தக்கதன்று. எழுத்து பகிரங்கமானது, பராமரிக்க ஆளுண்டு, பயன்படுத்தும் கணினிகளும் உண்டு. கடையில் விற்பனையாவது மட்டுமே ஏற்புக்கு அளவுகோலாயின் அவ்வளவுகோல் எங்கே எழுதப்பட்டுள்ளது? விவாதம் சூடேறியது. முடிவில் 2024 செப்ரெம்பரில் வெளியான 6.11 பதிப்பில் அச்செலுத்தி இடம்பெற்றது.

எம் கருத்தில், எதிர்த்தவர் தோற்றனர் என்பது பொருந்தாது. பொதுச்சொத்திலே ஒரு பொருளைச் சேர்க்குமுன் அதனை யார் சுமப்பார் என்று உரத்துக் கேட்கும் அவையே அச்சொத்தைக் காப்பாற்றும்.

நம்பிக்கையும் திருத்தமும்

இவ்வமைப்பு முழுதும் ஈற்றில் நம்பிக்கையைத் தாங்குதூணாகக் கொண்டது. அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலர் மீளாய்வைச் சோதிக்க எண்ணி, வேண்டுமென்றே குறைபாடுள்ள ஒட்டுகளை அனுப்பினர். 2021 ஏப்பிரலில், அப்பல்கலைக்கழகத்திலிருந்து வருவன ஏற்கப்படா எனக் கருனியின் மூத்த பராமரிப்பாளர் ஒருவர் அறிவித்தார். முன்னர் ஏற்கப்பட்ட அவர்தம் ஒட்டுகள் பலவற்றை மீண்டும் படித்துப் பார்க்கும் வேலை, ஏற்கெனவே ஓய்வற்றிருந்தோர் தலையில் வீழ்ந்தது. ஆய்வுக்கட்டுரையும் மீளப்பெறப்பட்டது. மீளாய்வாளர் பிழையை நாடிப் படிப்பவரேயன்றி வஞ்சகத்தை நாடிப் படிப்பவரல்லர். நல்லெண்ணத்தை முதலாகக் கொண்டு நடத்தும் வாணிகத்தில் அம்முதலையே களவாடுதல் ஆராய்ச்சி ஆகாது.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் கணினித் தொழிலில் வாழ்வோர் பலர் உளர். இக்கட்டுரையிற் கண்ட செய்திகள் அவர்கட்குப் புதியன அல்ல. இன்று வகுப்பிலிருக்கும் மாணவருக்கே இதனைச் சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். மேற்கூறிய அவையில் நுழையப் பட்டமும் பரிந்துரையும் கேட்கப்படுவதில்லை. எழுதியதை விளக்கும் தெளிவும், குற்றங்கூறின் பொறுக்கும் மனமும், திருத்தி மீளவரும் ஊக்கமுமே கேட்கப்படும். கம்பனியின் ஊதியம் பெறுவோரும் மாணவரும் அங்கு ஒரே விதிக்கு அமைவர். பத்துமுறை திருப்பியனுப்பப்பட்ட செலுத்தி பதினோராம் முறை ஏற்கப்படுதல் அங்கு இழுக்கன்று.

கட்டுரைக் கொப்பியிற் சிவப்பு மையைக் கண்டு முகம்வாடும் மாணவர் ஒன்றை உணர்வாராக. ஒருவர் தம் பொழுதைச் செலவிட்டு நம் எழுத்தை வரிவரியாகப் படித்தார் என்பதற்கு அம்மையே சான்று. பிழையைக் காட்டாது புகழ்ந்துவிட்டுச் செல்பவருக்கு அப்பொழுது மிச்சமாகும். நமக்கோ பிழை மிச்சமாகும்.